கல்லூரிக் கட்டுரை எழுதுவது எப்படி: சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம் என்று வளர்கிறவர்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் செமஸ்டரிலேயே அசைன்மென்ட் வந்துவிடும். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வரும். ஆள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அதேதான். அதனால் அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்துவைத்திருக்கிறேன். முதலில் இருந்து படித்தால் நல்லது, பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

"கட்டுரைதானே டீச்சர்? பத்தாங்கிளாஸ்ல எழுதின மாதிரி முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு எழுதினா போதாதா?"

அந்த மூன்று பகுதியும் கல்லூரியிலும் உண்டு. ஆனால் பள்ளிக் கட்டுரையில் எல்லோருக்கும் தெரிந்ததை ஒழுங்காகச் சொன்னால் மார்க் கிடைத்துவிடும். மழைநீர் சேமிப்பு நல்லது என்று நீங்கள் எழுதினால் அதை யாரும் மறுக்கப் போவதில்லை. கல்லூரிக் கட்டுரை என்பது ஒரு கேள்விக்கு நீங்கள் தேடிக் கண்ட பதில். அந்தப் பதிலை ஒருவர் மறுக்கலாம். மறுத்தால் எடுத்துக் காட்ட உங்கள் கையில் சான்று இருக்க வேண்டும்.

கட்டுரை என்ற சொல்லிலேயே கட்டு இருக்கிறது. நாலு புத்தகத்திலிருந்து எடுத்த செய்திகளைக் குவித்தால் அது குவியல்தான். கட்டுவதற்கு ஒரு கயிறு வேண்டும், அந்தக் கயிறு உங்கள் கேள்வி. இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்பேன்.

"மலையாளம் படிக்கிற பிள்ளைங்க உபன்யாசம், பிரபந்தம், நிரூபணம்னு சொல்றாங்க. எல்லாம் நம்ம கட்டுரைதானா?"

நம் எல்லைப் பக்கத்தில் மட்டுமே வருகிற சந்தேகம் இது. மலையாளத்தில் உபன்யாசம் என்றால் கட்டுரை. தமிழில் உபன்யாசம் என்றால் கோவிலில் ஒருவர் உட்கார்ந்து இராமாயணம் சொல்வது. மலையாளத்தில் பிரபந்தம் என்று ஆய்வுக் கட்டுரையையும் சொல்வார்கள், நமக்கு அது உலா, தூது, பரணி போன்ற இலக்கிய வகை.

மிகவும் கவனிக்க வேண்டியது நிரூபணம். மலையாளத்தில் அது இலக்கிய விமரிசனம். தமிழில் ஒன்றை உண்மை என்று மெய்ப்பித்துக் காட்டுவது. தமிழ் அசைன்மென்ட்டில் 'இக்கதையின் நிரூபணம்' என்று எழுதினால், கதையில் நடந்ததை மெய்ப்பிக்கப் போகிறீர்கள் என்று திருத்துபவர் நினைத்துக்கொள்வார். 'திறனாய்வு' என்று எழுதுங்கள்.

"தலைப்பு குடுத்துட்டாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

தலைப்பைக் கேள்வியாக மாற்றுவதில் இருந்து. நமக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'சித்தூர் கொங்கன்படை' என்று தலைப்பு வந்திருக்கிறது. கும்ப மாதத்தில் சித்தூர் பகவதி கோவிலில் நடக்கும் விழா. கொங்கு நாட்டு மன்னன் படையெடுத்து வந்தான், பகவதியின் துணையால் ஊரார் வென்றார்கள் என்பது கதை. இதை அப்படியே எழுதினால் விழா வருணனைதான் வரும், அரைப் பக்கத்தில் தீர்ந்தும் போகும்.

இப்போது கேட்டுப் பாருங்கள். படையெடுப்பு உண்மையிலேயே நடந்ததா? நல்ல கேள்வி, ஆனால் கல்வெட்டும் ஆவணமும் தேடிப் போக வேண்டும், பதினைந்து நாளில் முடியாது. விழாவில் என்னென்ன நடக்கிறது? இதற்குப் பட்டியல்தான் பதிலாக வரும். இன்னொன்று இருக்கிறது: தாலுகாவின் கிழக்கில் கொங்குப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், கொங்கனை வென்ற இந்த விழாவை எப்படிப் பார்க்கின்றன? இது அளவான கேள்வி. நாலு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் சான்று கிடைக்கும். அதுவும் வெளியூரில் இருந்து வரும் ஆராய்ச்சியாளரைவிட உங்களுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். இனி வரும் பதில்களில் இந்தக் கட்டுரையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

"மையக்கருத்துன்னு ஒண்ணு வேணும்கிறாங்களே, அது தலைப்புதானே?"

இல்லை. தலைப்பு ஒரு சொற்றொடர். மையக்கருத்து பயனிலையோடு முடிகிற முழு வாக்கியம், உங்கள் கேள்விக்கான பதில். ஆய்வேட்டில் தொடக்கத்தில் ஊகமாக வைக்கும்போது இதைக் கருதுகோள் என்பார்கள். நம் எடுத்துக்காட்டில் இப்படி எழுதலாம்: 'சித்தூர்க் கிழக்கில் குடியேறிய கொங்குத் தமிழ்க் குடும்பங்கள் கொங்கன்படையைத் தாங்கள் வாழவந்த ஊரின் விழாவாகவே காண்கின்றன, தோற்ற கொங்கனோடு தங்களைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.' இது சரியா தவறா என்று நான் சொல்லவில்லை. கேட்டு வந்த பிறகுதான் தெரியும். ஆனால் 'அப்படியெல்லாம் இல்லை' என்று ஒருவர் எதிர்த்துச் சொல்ல இதில் இடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் மையக்கருத்தை அடையாளம் காண வேண்டும். 'கொங்கன்படை ஒரு சிறப்பான விழா' என்பதை யாரும் எதிர்க்க மாட்டார்கள், அதனால் அது மையக்கருத்து ஆகாது.

"முதல்ல எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டுத்தான் எழுதணுமா?"

படித்து முடிக்கவே முடியாது. கேள்வி கையில் வந்த பிறகு அதற்கு வேண்டியதை மட்டும் தேடிப் படியுங்கள். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் போனிலேயே கிடைக்கும். சொல்லுக்குப் பொருள் சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள், அதுவும் இணையத்தில் இருக்கிறது.

குறிப்பு எடுக்கும்போது மூன்றைப் பிரித்து எழுத வேண்டும்: நூலாசிரியரின் சொந்தச் சொற்கள் (மேற்கோள் குறிக்குள்), அவர் சொன்னதை உங்கள் சொல்லில் சுருக்கியது, அதைப் படித்தபோது உங்களுக்குத் தோன்றியது. மூன்றாவதை வேறு மையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பக்க எண் வேண்டும். நான் எம்.ஏ. படிக்கும்போது மிக நல்ல மேற்கோள் ஒன்றைப் பக்க எண் இல்லாமல் எழுதி வைத்துவிட்டேன். இரண்டு நாள் நூலகத்தில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"உள்தலைப்பு எத்தனை போடணும்?"

இரண்டாயிரம் சொல் கட்டுரைக்கு மூன்று அல்லது நான்கு போதும். எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். உங்கள் பெரிய கேள்விக்குப் பதில் சொல்ல முதலில் என்ன தெரிய வேண்டும், அப்புறம் என்ன தெரிய வேண்டும் என்று யோசித்தால் உள்தலைப்புகள் தானாக விழும். கொங்கன்படைக் கட்டுரையில் விழாவும் அதன் கதையும் முதலில் வரும். அடுத்து, கொங்குக் குடும்பங்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்பது. மூன்றாவதாக, அவர்கள் விழாவைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது. இதில் மூன்றாவதுதான் கட்டுரையின் உயிர், பாதி இடத்தை அதற்குக் கொடுங்கள். பல பிள்ளைகள் முதல் பகுதியிலேயே ஆயிரம் சொல்லைச் செலவழித்துவிடுகிறார்கள்.

நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்து அழகு சொல்கிறார். அதில் ஒன்று 'முறையின் வைப்பு', எதை எங்கே வைப்பது என்ற ஒழுங்கு. அவர் சொல்லும் பத்துக் குற்றத்தில் 'மற்றொன்று விரித்தல்' ஒன்று. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது. கட்டுரை திருத்தும்போது நான் ஓரத்தில் அதிகம் எழுதுவது இந்த இரண்டு சொற்றொடரைத்தான்.

"ஒரு பத்தி எவ்வளவு பெருசா இருக்கணும்?"

ஒரு கருத்து முடிகிற அளவு. முதல் வாக்கியத்தில் கருத்தைச் சொல்லுங்கள், அப்புறம் சான்று, அப்புறம் அந்தச் சான்று எதைக் காட்டுகிறது என்ற விளக்கம். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித் தாளில் எழுதி வரிசையாகப் படியுங்கள். அதிலேயே கட்டுரை புரிந்தால் கட்டு சரியாக இருக்கிறது. எங்கே தாவுகிறதோ அங்கே ஒரு பத்தி குறைகிறது, அல்லது இடம் மாறிக் கிடக்கிறது.

"முன்னுரையை 'மனிதன் தோன்றிய காலந்தொட்டு'ன்னு தொடங்கலாமா?"

வேண்டாம். அந்த வாக்கியத்தை எந்தக் கட்டுரைக்கும் முன்னால் ஒட்டலாம் என்பதே அதன் குறை. படிக்கிறவருக்கு நாலு விஷயம் முன்னுரையில் தெரிய வேண்டும்: எதைப் பற்றியது, எதுவரைக்கும் பேசப் போகிறது, எப்படித் தேடினீர்கள், என்ன பதில் கண்டீர்கள். நம் இலக்கணத்தில் பாயிரம் என்று இருப்பது இந்த வேலைக்குத்தான். சிறப்புப்பாயிரத்துக்கு உரியவை என்று நன்னூல் எட்டைச் சொல்கிறது. அவற்றில் வழி, எல்லை, நுதலிய பொருள், பயன் ஆகிய நாலும் நமக்கு நேராக உதவும். நுதலிய பொருள் என்றால் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். எல்லை என்று அங்கே சொல்வது நூல் வழங்கும் நிலப்பரப்பை. நாம் அதைக் கட்டுரையின் எல்லையாக எடுத்துக்கொள்வோம்: 'இக்கட்டுரை கொழிஞ்சாம்பாறை சுற்றுவட்டாரக் குடும்பங்களை மட்டும் கருத்தில் கொள்கிறது' என்ற ஒரு வரி.

இன்னொன்று, முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். கட்டுரை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் வழியைச் சொல்ல முடியும். எழுத உட்காரும்போது தற்காலிக முன்னுரையாக மூன்று வரி போதும்.

"நிறைய மேற்கோள் இருந்தா நல்ல மார்க் வருமா?"

மேற்கோள் சாட்சி மாதிரி. சாட்சியைக் கூப்பிட்டுப் பேசவிட்ட பிறகு, அவர் சொன்னதில் இருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்று சொல்ல வேண்டியது நீங்கள். மேற்கோள் வந்து அதோடு பத்தி முடிந்துவிட்டால் அந்த இடத்தில் நீங்கள் இல்லை. இரண்டு வரி மேற்கோளுக்கு மூன்று வரியாவது உங்கள் விளக்கம் வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஆசிரியரின் சொற்கள்தான் முக்கியம் என்றால் அப்படியே எடுத்துக் காட்டுங்கள். அவர் தரும் செய்தி மட்டும் போதும் என்றால் உங்கள் சொல்லில் சுருக்கி, யார் சொன்னது என்று குறிப்புக் கொடுங்கள்.

"துணைநூல் பட்டியல்ல பேரை எப்படிப் போடுறது? நம்ம ஆளுங்களுக்கு சர்நேமே இல்லையே."

ஆங்கில முறைகள் எல்லாம் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. தமிழில் முன்னால் நிற்பது ஊர் அல்லது அப்பா பெயரின் தலைப்பெழுத்து. அதனால் பெயரை முன்னால் போட்டு, கால்புள்ளி வைத்து, தலைப்பெழுத்தைப் பின்னால் போடுங்கள்: சாமிநாதையர், உ.வே. அகர வரிசை 'சா' என்பதில் நிற்கும், 'உ' என்பதில் நிற்காது. பெயரை அடுத்து நூல், பதிப்பகம், ஊர், ஆண்டு. உங்கள் துறையில் இந்த வரிசையை வேறு மாதிரி கேட்டால் அதையே பின்பற்றுங்கள், ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருக்கட்டும்.

"புறநானூறுக்கு எந்த வருஷம் போடணும்? புக்குல 1894-ன்னு இருக்கு."

1894 என்பது உ.வே.சா. புறநானூற்றை முதன்முதலில் அச்சில் பதிப்பித்த ஆண்டு, பாடல்கள் பாடப்பட்ட ஆண்டு அல்ல. 'புறநானூறு (1894)' என்று மட்டும் எழுதினால் சங்க காலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து வைத்த மாதிரி ஆகிவிடும். கட்டுரைக்குள் பாடல் எண்ணைக் கொடுங்கள்: 'யாதும் ஊரே' என்பது புறம் 192. பாடல் எண் எந்தப் பதிப்பிலும் மாறாது, மின்னூலில் படித்தாலும் உதவும். பட்டியலில் நீங்கள் கையில் வைத்துப் படித்த பதிப்பின் ஆண்டைப் போடுங்கள், பதிப்பாசிரியர் பெயரோடு.

"எங்க பாட்டி சொன்னதைச் சான்றாப் போடலாமா? சிரிக்க மாட்டாங்களா?"

தாராளமாகப் போடலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள், முறையாகப் போட்டால். கொங்கன்படைக் கட்டுரைக்குப் பாட்டியைவிட நல்ல சான்று எது? ஆனால் 'பெரியவர்கள் சொல்வார்கள்' என்று எழுதினால் அது காற்றில் போய்விடும். யார், வயது என்ன, எந்த ஊர், என்றைக்குக் கேட்டீர்கள் என்பதைத் தகவலாளி பட்டியலில் கொடுங்கள். பெயர் போடலாமா என்று அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் 'தகவலாளி 1' என்று குறியுங்கள். அவர் பேசிய பேச்சைத் திருத்தாமல் எழுதுங்கள். பாட்டி 'கொங்கன் தோத்துப் போய்ட்டான் சாமி' என்று சொல்லியிருந்தால் அதைத் 'தோல்வியுற்றான்' என்று மாற்றக் கூடாது.

பாட்டியின் சொல் எதற்குச் சான்று என்பதிலும் தெளிவு வேண்டும். ஒரு குடும்பம் விழாவை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. அந்தப் போர் இன்ன நூற்றாண்டில் நடந்தது என்பதற்குச் சான்று ஆகாது. நான் படித்த கட்டுரைகளில் நல்ல நல்ல கள ஆய்வெல்லாம் வழுக்கி விழுவது இந்த ஓர் இடத்தில்தான்.

"எனக்கு எதிரா இருக்கிற கருத்தை நானே எதுக்கு எழுதணும்? மார்க் குறையாதா?"

குறையாது, கூடும். எதிர்க்கருத்தைச் சொல்லாமல் விட்டால் அது உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தமாகும். நம் மரபில் இது புதிதும் இல்லை. நன்னூல் எழுவகை மதம் என்று சொல்கிறது, அதாவது ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தின் முன்னால் நிற்கக்கூடிய ஏழு நிலை. உடன்படல், மறுத்தல் இரண்டும் உங்களுக்கே தெரியும். மூன்றாவது 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. எதிராளியின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் வழியே நடந்து பார்த்து, எங்கே நிற்கவில்லை என்று கண்டு விலக்குவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதைச் செய்ய எதிராளி சொன்னதை முழுசாகப் புரிந்துகொண்டே தீர வேண்டும்.

நம் கட்டுரையில் ஒருவர் கேட்கலாம்: 'நீ கேட்ட குடும்பங்கள் ஊராரோடு ஒத்துப் போக வேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்லியிருக்கலாமே?' நியாயமான கேள்வி. அதை நீங்களே எழுதி, வீட்டுக்குள் தங்களுக்குள் பேசும்போதும் அவர்கள் அப்படித்தான் பேசினார்களா என்று சான்றோடு சொன்னால் கட்டுரைக்குப் பலம் வந்துவிடும். அதற்கான சான்று இல்லையென்றால், இல்லை என்று எழுதுங்கள்.

"ரெண்டு புத்தகம் ரெண்டு மாதிரி சொல்லுதே. எதை நம்புறது?"

நம்புவதற்கு முன்னால், அவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நம் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமான ஒரு வழக்கு இருக்கிறது: சேரர் தலைநகர் வஞ்சி எது? கரூர் என்று ஒரு சாரார், கொடுங்கல்லூர்ப் பக்கம் என்று இன்னொரு சாரார். நீண்ட காலமாக நடக்கும் விவாதம். கரூர்க்காரர்கள் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசுகளையும், அருகில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர் பெயர் வரும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் காட்டுவார்கள். மற்றவர்கள் மேற்குக் கடற்கரை முசிறித் துறைமுகத்தையும், திருவஞ்சைக்களம் என்ற ஊர்ப்பெயரையும், பிற்காலச் சேரர் மரபையும் காட்டுவார்கள்.

தமிழ்நாட்டுப் புத்தகம், கேரளப் புத்தகம் என்று கட்சி கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு பேருடைய சான்றும் எந்த வகை, எந்தக் காலம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கல்வெட்டும் காசும் ஒரு வகை, ஊர்ப்பெயர் ஒற்றுமை வேறு வகை, இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது. உங்கள் கட்டுரைக்கு இந்த வழக்கில் தீர்ப்பு அவசியம் என்றால் காரணத்தோடு ஒரு பக்கம் சேருங்கள். 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு' என்று அந்த எழுவகை மதத்தில் இதற்கும் பெயர் இருக்கிறது. அவசியம் இல்லையென்றால், கருத்து வேறுபாடு உண்டு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்குத் திரும்புங்கள்.

"'நான்'னு எழுதலாமா, 'ஆய்வாளர்'னுதான் எழுதணுமா?"

துறைக்குத் துறை வழக்கம் மாறும், வகுப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நீங்கள் போய்ப் பார்த்ததை 'நான் கேட்டறிந்தேன்' என்று எழுதுவது நேர்மையானது. ஆனால் 'நான் நினைக்கிறேன்' என்று தொடங்கும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். உங்கள் பெயர் போட்ட கட்டுரையில் வேறு யார் நினைக்கப் போகிறார்கள்?

"எங்க தமிழ்ல மலையாளம் கலந்துடுதுன்னு வெட்டி வெட்டித் தர்றாங்க. என்ன பண்றது?"

முதலில் ஒன்று: உங்கள் பேச்சில் எந்தக் குறையும் இல்லை. எழுத்தில் படிக்கிறவர் வேறு மாதிரி புரிந்துகொள்ளும் இடங்களை மட்டும் திருத்தினால் போதும். அவை கொஞ்சம்தான், கற்றுக்கொண்டுவிடலாம்.

ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களில் கவனம் வேண்டும். 'ஆழியாற்றிலிருந்து வெள்ளம் திறந்துவிட்டார்கள்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கன்னியாகுமரிப் பக்கத் தமிழிலும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் மதுரையில் இருந்து படிக்கிறவர் ஊரே மூழ்கிவிட்டதாகப் பதறுவார். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் நம் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும், அது தண்ணீர். இதே மாதிரி 'அவசரம்' மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் விரைவு. நிரூபணம் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, வினைமுற்று. மலையாளத்தில் நான் போனாலும் அவர்கள் போனாலும் வினை ஒரே மாதிரி நிற்கும். தமிழில் போனேன், போனான், போனார்கள் என்று எழுவாயோடு மாறும். நீளமான வாக்கியம் எழுதும்போது நம் பிள்ளைகள் இதைத் தவற விடுகிறார்கள். 'மக்கள் விழாவைக் கொண்டாடியது' என்று முடிந்துவிடுகிறது. கடைசி முறை படிக்கும்போது இதற்காக மட்டும் ஒரு தடவை படியுங்கள். எழுவாயின் கீழே ஒரு கோடு, வினைமுற்றின் கீழே ஒரு கோடு, இரண்டும் இயைகிறதா என்று பாருங்கள். ஒரு செமஸ்டர் இப்படிச் செய்தால் பழகிவிடும்.

"மலையாளப் புத்தகத்துல இருந்து நானே மொழிபெயர்த்துப் போட்டா அது காப்பியா?"

யாருடையது என்று சொல்லாவிட்டால் காப்பிதான். சொல் உங்களுடையது, கருத்து அவருடையது. மூல நூலையும் பக்கத்தையும் கொடுத்து, 'மொழிபெயர்ப்பு கட்டுரையாளருடையது' என்று ஒரு குறிப்புச் சேர்த்தால் அதே காரியம் பெருமைக்குரியதாகிவிடும். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்தவர்கள் என்பது உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. மலையாளத்தில் மட்டும் கிடைக்கும் செய்திகளைத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பின்னால் பிஎச்.டி. என்று போகிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகக் குறிப்புக் கொடுத்த மேற்கோள்கள் அந்தக் கணக்கில் வராது.

"போன்ல கேட்டா முழுக் கட்டுரையே வந்துடுது டீச்சர். அப்புறம் எதுக்கு எழுதணும்?"

வருகிறது, நானும் பார்த்தேன். கொங்கன்படை என்று கேட்டால் விழா, கதை, பண்பாட்டுச் சிறப்பு என்று நாலு பத்தி வரும். உங்கள் பாட்டி சொன்னது அதில் வராது. கொழிஞ்சாம்பாறைத் திண்ணையில் நீங்கள் கேட்ட கேள்வியும் வராது. இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் கொடுத்திருந்த ஒரு அசைன்மென்ட்டை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அது பொய் என்றே தெரியாது, கேட்டபோது அழுதுவிட்டாள். எழுத்துப்பிழை பார்க்கவோ, புரியாத ஆங்கிலப் பத்தியை விளக்கிச் சொல்லவோ பயன்படுத்துங்கள், உங்கள் துறையில் அனுமதி இருந்தால். கேள்வியும் சான்றும் முடிவும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

"ரெண்டாயிரம் சொல் கேட்டாங்க. தொள்ளாயிரத்துலயே முடிஞ்சிருது."

அப்படியானால் சொன்னதையே திருப்பிச் சொல்லி நிரப்ப வேண்டாம். கூறியது கூறலும் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் ஒன்று. பெரும்பாலும் குறைவது விளக்கம்தான். மேற்கோள் பற்றிய பதிலில் சொன்ன மாதிரி, ஒவ்வொரு சான்றுக்கும் கீழே 'இதனால் என்ன தெரிகிறது?' என்று கேட்டு எழுதுங்கள். எதிர்க்கருத்து ஒன்றைச் சேருங்கள். நானூறு ஐந்நூறு சொல் அதிலேயே வந்துவிடும். அப்படியும் போதவில்லை என்றால் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போய்க் கேட்டு வாருங்கள்.

"முடிவுரையில முன்னுரையையே வேற வார்த்தையில எழுதினா போதும்தானே?"

போதாது. முன்னுரையில் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, முடிவுரைக்கு வரும்போது சான்று எல்லாம் பார்த்துவிட்டார். அதனால் இங்கே 'இவ்வளவு காட்ட முடிந்தது, இது காட்ட முடியவில்லை, அடுத்து ஒருவர் தேடினால் இங்கிருந்து தொடங்கலாம்' என்று சொல்லுங்கள். புதுச் சான்று எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது. முடிவுரையில் திருக்குறள் ஒன்று சொல்லி முடிப்பது பள்ளியோடு போகட்டும்.

"பாதி எழுதின பிறகு நான் நினைச்சதே தப்புன்னு தோணுது. நாளைக்கு மறுநாள் குடுக்கணும். என்ன பண்ணட்டும்?"

நல்ல கட்டுரை எழுதுகிறவர்களுக்குத்தான் இது நடக்கும். சான்று உங்கள் கருத்தை மாற்றியிருக்கிறது என்றால் நீங்கள் ஒழுங்காகக் கேட்டிருக்கிறீர்கள். கொங்கன்படைக் கட்டுரையில், பெரியவர்கள் 'அது நம்ம ஊர் விழா' என்று சொல்ல, காலேஜ் போகும் பிள்ளைகள் 'எங்களைத்தானே கொங்கன்னு சொல்றாங்க' என்று சொன்னால், முதலில் வைத்த மையக்கருத்து நிற்காது. ஆனால் அதைவிட நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டது: தலைமுறைக்குத் தலைமுறை பார்வை மாறுகிறது.

முழுவதையும் கிழிக்க வேண்டாம். மையக்கருத்து வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் தனித் தாளில் எழுதும் வேலையை மறுபடியும் செய்து, புது வாக்கியத்தோடு எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று பாருங்கள். அநேகமாகச் சான்றுகள் எல்லாம் அப்படியே இருக்கும், விளக்கங்கள்தான் மாறும். முன்னுரையை இன்னும் எழுதவில்லை அல்லவா, அது எவ்வளவு நல்லது என்று இப்போது தெரியும். ஒரு ராத்திரி, ஒரு பகல் போதும். சந்தேகம் வந்தால் பத்து மணிக்குள் போன் பண்ணுங்கள்.